தூக்கத்துக்கு எதுக்குங்க மனோதத்துவ டாக்டர்?

இந்தப் பக்கம் வந்து நாலு மாசம் ஆச்சு. வருஷக் கடைசி கணக்கு முடிப்பு, அப்புறம் ஆடிட், நடுவில் பையனோட பத்தாம் வகுப்பு. காரணம் சொன்னா அடுக்கிக்கிட்டே போகலாம். வந்ததும் கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க மக்களே.

தினமும் பி.டி.எம். லேஅவுட்டில் இருந்து சிவாஜிநகர் கிளைக்கு பஸ்ஸில் போகிறவள் நான். டைரி சர்க்கிள் தாண்டினதும் கண்டக்டர் "நிம்ஹான்ஸ், நிம்ஹான்ஸ்" என்று குரல் கொடுப்பார். காலேஜ் பசங்க கூட்டமா இருந்தால் அந்த ஸ்டாப்பில் ஒருத்தனை இன்னொருத்தன் தள்ளிவிட்டு, "டேய், உன் ஸ்டாப் வந்துடுச்சு, இறங்கு" என்று சிரிப்பான். கன்னடத்தில் சொன்னாலும் நமக்குப் புரியும். நம்ம ஊர்ல இதே வேலையைக் 'கீழ்ப்பாக்கம்' என்ற ஒரே சொல் எத்தனை தலைமுறையாகச் செய்து கொண்டிருக்கிறது! பதினாலு வருஷமாக அந்த ஸ்டாப்பைக் கடந்து போயிருக்கிறேன். அந்த வாசலுக்குள் இருக்கிற படிப்புக்கும் என் வீட்டில் மூணு தலைமுறை ராத்திரி விழித்துக் கிடப்பதற்கும் சம்பந்தம் உண்டு என்று ஒரு நாளும் தோன்றினதில்லை.

தோன்ற வைத்தது அத்தை விழுந்த ராத்திரி.

மாமா தவறி ஏழு வருஷம் ஆகிறது. லால்குடி வீட்டைப் பூட்டிக்கொண்டு அத்தையை நாங்கள் இங்கே அழைத்து வந்தோம். அந்தத் துக்கத்தில் தூக்கம் வரவில்லை என்று ஊரில் ஒரு டாக்டர் இரண்டு வாரத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரம் ஆறு வருஷம் ஆனது. சீட்டு மஞ்சளாகி, மடிப்பு கிழிந்து போயும் எங்க தெரு மருந்துக்கடைக்காரர் முகம் பார்த்தே கொடுத்து விடுவார். வாங்கி வந்தது யார் என்று கேட்கிறீர்களா? நான்தான். மளிகை லிஸ்ட்டில் துவரம்பருப்புக்கு அடுத்த வரியில் எழுதி வைத்து வாங்கியிருக்கிறேன்.

போன வருஷம் ஆடி மாசம் ஒரு ராத்திரி, பாத்ரூம் போக எழுந்தவர் மாத்திரை மயக்கத்திலேயே நடந்து, கதவு நிலையில் மோதி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. இடுப்பாக இருந்திருந்தால் இந்தப் பதிவை வேறு மாதிரி எழுதிக் கொண்டிருப்பேன்.

எலும்பு டாக்டர் கட்டுப் போட்டுவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "ராத்திரி என்ன மாத்திரை சாப்பிடறாங்க?" அட்டையைக் காட்டினேன். முகம் சுருங்கியது. வயசானவர்களுக்கு அந்த வகை மாத்திரை தடுமாற்றத்தையும் மறதியையும் கூட்டும், விழுந்து எலும்பு முறிகிற ஆபத்தும் அதிகம், அமெரிக்க முதியோர் மருத்துவர் சங்கம் வெளியிடுகிற 'பியர்ஸ்' பட்டியலில் முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டியவை என்று அவற்றைச் சேர்த்து ரொம்ப வருஷமாகிறது என்றார். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். நம்ம நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 2013-ல் அறிவித்து 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த எச்-1 அட்டவணையில் அல்பிரசோலம், டயசெபாம், சோல்பிடெம் எல்லாம் உண்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. யார் எழுதியது, யாருக்கு, எவ்வளவு என்று கடைக்காரர் தனி ரெஜிஸ்டரில் எழுதி மூணு வருஷம் வைத்திருக்க வேண்டும். பேங்கில் ஒரு வவுச்சரில் கையெழுத்து இல்லை என்றால் நான் போடுகிற சத்தம் என் ஸ்டாஃபுக்குத் தெரியும். அதே ஆள் ஆறு வருஷம் பழைய சீட்டில் மருந்து வாங்கியிருக்கிறேன். என்னத்த சொல்ல.

இங்கே ஒன்று முக்கியம், தயவுசெய்து கவனியுங்கள். இதைப் படித்துவிட்டு உங்க வீட்டுப் பெரியவர்களின் மாத்திரையை இன்று ராத்திரியே பிடுங்கி எறிந்து விடாதீர்கள். நாள்பட எடுத்ததைத் திடீரென்று நிறுத்தினால் பழைய தூக்கமின்மை இரட்டிப்பாகத் திரும்பும், நடுக்கம் வரும், சிலருக்கு வலிப்பே வரலாம். எங்கள் வீட்டில் மனநல மருத்துவர் ஒருவர் பார்த்து, கால் பங்கு கால் பங்காகக் குறைத்து, நிறுத்த அஞ்சு மாசம் ஆனது.

அந்த மருத்துவர்தான் எங்களை ஒரு கிளினிகல் சைக்காலஜிஸ்ட்டிடம் அனுப்பினார். நல்ல வேளை, தமிழ் பேசுகிறவர். ரங்கமணிக்கு முதலில் சம்மதமில்லை. "தூக்கம் வரலைன்னா எதுக்கு மனோதத்துவ டாக்டர்? அம்மாவுக்கு என்ன பைத்தியமா?" என்றார். படித்த மனுஷர், சாஃப்ட்வேரில் இருபது வருஷம். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. 2001 ஆகஸ்ட் 6 ஏர்வாடித் தீயில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகிச் செத்த செய்தி நம் தலைமுறைக்கு மறக்குமா? மனசுக்கு வைத்தியம் என்றதும் நம் கண்ணில் படம் ஓடுவது சங்கிலியும் கம்பிக் கதவும்தான்.

அந்த அம்மா (சைக்காலஜிஸ்ட்டைச் சொல்கிறேன்) ஒரு தாளைக் கொடுத்து இரண்டு வாரம் குறித்து வரச் சொன்னார். எத்தனை மணிக்குப் படுக்கை, எப்போது தூக்கம் வந்தது, எத்தனை முறை முழிப்பு, எப்போது எழுந்தது, பகலில் எவ்வளவு நேரம் கண்ணசந்தது. அத்தை சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இரண்டாவது நாளே எனக்குப் பொறி தட்டியது. கணக்குப் பிள்ளை இல்லையா?

அத்தை படுப்பது எட்டு மணி. விழிப்பது இரண்டரை. அதற்கப்புறம் விடிகிற வரை உருண்டு புரண்டு, "ராத்திரி பூரா பொட்டுத் தூக்கம் இல்லைம்மா" என்பார். எட்டில் இருந்து இரண்டரை ஆறரை மணி நேரம். மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் முக்கால் மணி. மொத்தம் ஏழேகால். எழுபத்திரண்டு வயசுக்கு இது பற்றாக்குறையே இல்லை! கணக்கு டேலி ஆகிறது, போட்ட தேதிதான் தப்பு. ஏழு வருஷமாக இல்லாத நோய்க்கு மாத்திரை கொடுத்து, இருக்கிற கையை உடைத்திருக்கிறோம்.

சரி, ஏன் எட்டு மணிக்குப் படுக்கிறார்? சைக்காலஜிஸ்ட் கேட்ட கேள்வி இதுதான். அத்தை ரொம்ப நேரம் பதில் சொல்லவில்லை. அப்புறம், "வேற என்ன செய்யட்டும்? பையன் ஹால்ல படிக்கறான், டிவி போடக் கூடாது. இவ ஆபீஸ்ல இருந்து வந்து சமையல்ல நிக்கறா. அவன் லேப்டாப்போட ரூமுக்குள்ள. பேச யாரு இருக்கா? ஊர்ல திண்ணையில பத்து பத்தரை வரைக்கும் பேசிக்கிட்டு இருப்போம். இங்க லிஃப்ட்ல பாக்கறவங்க என்னமோ கேக்கறாங்க, எனக்கு அந்தப் பாஷை தெரியாது" என்றார்.

அந்த அறையில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் ரங்கமணி தரையைப் பார்த்துக் கொண்டிருந்தார்.

வெளியூர் வந்து குடியேறின நாம் எல்லாரும் இதை ஒருமுறை வீட்டில் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். பெரியவர்களை அழைத்து வந்து அட்டாச்டு பாத்ரூம் கொடுக்கிறோம், வாட்டர் ஹீட்டர் போடுகிறோம், மாஸ்டர் ஹெல்த் செக்கப் செய்கிறோம். ராத்திரி எட்டில் இருந்து பத்து வரைக்கும் அவர்கள் என்ன செய்வார்கள் என்று யோசித்தோமா? வயசானால் உடம்புக் கடிகாரம் கொஞ்சம் முன்னால் போகும், தூக்கம் மெல்லிசாகும், அது இயற்கை. அதன் மேல் தனிமையையும் சேர்த்தால் இரண்டரை மணி முழிப்பு நிச்சயம்.

அவருக்குச் சொன்ன வைத்தியம் பத்தேகால் வரை படுக்கக் கூடாது, அஞ்சு மணிக்கு எழுந்திருக்கணும், மதியத் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம், சாயங்காலம் வெளிச்சத்தில் நடக்கணும். மாமாவைப் பற்றி நாலு முறை உட்கார்ந்து பேசினார்கள். நடுவில் ஒரு நாள் அத்தையே சொன்னாராம், மாமா மூச்சு நின்றது விடிகாலை மூணு மணிக்கு என்று. எங்களிடம் ஏழு வருஷத்தில் அந்த இரண்டரை மணி முழிப்பை இதோடு சேர்த்துச் சொன்னதே இல்லை.

இப்போ என் கதைக்கு வருகிறேன். என்னுடையது 2016 நவம்பர் 8-ல் ஆரம்பித்தது. பேங்க்காரர்களைக் கேளுங்கள், அந்தத் தேதியில் ஆரம்பித்த வியாதி ஒன்றாவது எல்லாரிடமும் இருக்கும் :-) ராத்திரி எட்டு மணிக்கு அறிவிப்பு, அப்புறம் அம்பது நாள் வரிசை, கேஷ் எண்ணிக்கை, பத்தரைக்கு வீடு. ராத்திரி மூணு மணிக்குத் திடுக்கென்று முழித்து 'அந்தக் கட்டில் எத்தனை நோட்டு' என்று மனசுக்குள் எண்ணுவேன். வரிசை போனது, பழைய நோட்டும் போனது, மூணு மணி முழிப்பு மட்டும் போகவில்லை. நாற்பதைத் தாண்டினதும் உடம்புச் சூடு, வேர்வை எல்லாம் சேர்ந்து கொண்டது. இதற்காக நாற்பதாயிரம் ரூபாய்க்கு மெத்தை வாங்கினேன். கசகசாப் பால், பாதத்துக்கு விளக்கெண்ணெய், மூச்சுப் பயிற்சி, தூக்கத்துக்கு மார்க் போடும் கைக்கடிகாரம். அந்தக் கடிகாரம் காலையில் '54' என்று காட்டினால் அன்று முழுக்க எனக்குத் தலைவலி.

அத்தையைக் கூட்டிக்கொண்டு போன சாக்கில் நானும் கேட்டேன். அவர் சொன்னது மனசில் தங்கிவிட்டது. "ஆரம்பிச்சு வெச்சது வேற, இப்ப நடத்திக்கிட்டு இருக்கறது வேற." ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர் 1980-களிலேயே சொன்ன விஷயமாம் இது. சிலருக்கு இயல்பிலேயே தூக்கம் சீக்கிரம் கெடும், ஏதோ ஒரு நெருக்கடி வந்து அதைக் கெடுக்கும், அப்புறம் அதைச் சரிசெய்ய நாம் செய்கிற காரியங்களே அதை வருஷக் கணக்கில் நீட்டித்துவிடும். அசலை அடைத்த பிறகும் வட்டி ஓடுகிற கதை. தூக்கம் வரட்டும் என்று ஒன்பதரைக்கே படுப்பது, ஞாயிற்றுக்கிழமை எட்டரை வரை கிடப்பது, ராத்திரி மணி பார்ப்பது, 'இப்ப தூங்கினாக்கூட மூணு மணி நேரம்தான்' என்று கழித்தல் கணக்குப் போடுவது.

வைத்தியத்துக்குப் பேர் சி.பி.டி.-ஐ. நினைப்பையும் பழக்கத்தையும் மாற்றுகிற சிகிச்சை. 2016-ல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி, பெரியவர்களுக்கு வருகிற நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையே இதுதான், மாத்திரை அப்புறம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. வாரத்தில் மூணு ராத்திரி, மூணு மாசத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்டது என்று கணக்கு.

செய்தது என்ன? நான் படுக்கையில் கிடந்தது எட்டரை மணி நேரம், தூங்கியது அஞ்சரை. வகுத்தால் அறுபத்தஞ்சு சதவீதம் கூட இல்லை. உங்களுக்கு படுக்கையில் ஆறு மணி நேரம்தான் அனுமதி, பதினொன்றில் இருந்து அஞ்சு வரை, அதற்கு முன்னால் படுக்கைப் பக்கமே போகாதீர்கள் என்றார். தூக்கம் வராதவளுக்கு நேரத்தைக் குறைப்பதா? தொழில் தெரியாத ஆளோ என்று கூட நினைத்தேன். நடுவில் முழித்து இருபது நிமிஷம் போல ஆனால் (மணி பார்க்காமல் குத்துமதிப்பாக) எழுந்து ஹாலுக்குப் போய்விடணும், தூக்கம் சொக்கினால்தான் திரும்பணும். படுக்கை என்றால் புரளுகிற இடம் என்று மனசு பழகிவிட்டதாம், அதை மாற்றத்தான் இது. ரிச்சர்ட் பூட்ஸின் என்பவர் 1972-ல் கொண்டுவந்த முறை.

முதல் இரண்டு வாரம் நரகம். பஸ்ஸில் தூங்கி இரண்டு முறை ஸ்டாப்பைத் தாண்டிப் போனேன். ஒரு செக்கில் தேதியைத் தப்பாகப் பார்த்து, நல்ல வேளை ஜூனியர் பையன் பிடித்தான். மூணாவது வாரம் பதினொன்றுக்குப் படுத்தவள் நாலே காலுக்குத்தான் கண்ணைத் திறந்தேன். எண்பத்தஞ்சு சதவீதம் தாண்டினதும் கால் மணி நேரம் கூட்டிக் கொடுத்தார், அப்புறம் இன்னொரு கால் மணி. இப்போது ஆறேமுக்கால் மணி நேரத்தில் இருக்கிறேன். மாதத்தில் இரண்டு மூணு ராத்திரி இன்னமும் முழிப்பு வரும், பயம் வருவதில்லை. ஆறு முறை போனேன், முறைக்கு ஆயிரத்து இருநூறு, மொத்தம் ஏழாயிரத்து இருநூறு. மெத்தைக் கம்பெனிக்குக் கொடுத்ததை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

இதை நீங்களாகவே வீட்டில் ஆரம்பிக்க வேண்டாம். வலிப்பு உள்ளவர்கள், மனநிலை உச்சத்துக்கும் பாதாளத்துக்கும் போய் வருகிற நோய் உள்ளவர்கள், வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர்கள் கேட்காமல் நேரத்தைக் குறைத்தால் ஆபத்து. எல்லாத் தூக்கக் கோளாறும் மனசு சம்பந்தப்பட்டதும் இல்லை. ரங்கமணியின் குறட்டை ஊர் அறிந்தது. நடுவில் மூச்சு நின்று நின்று வருவதைக் கவனித்து சைக்காலஜிஸ்ட்டிடம் சொன்னேன், "அது என் டிபார்ட்மெண்ட் இல்லை, ஸ்லீப் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க" என்று உடனே அனுப்பிவிட்டார். தைராய்டு, ரத்தசோகை, கால் குடைச்சல் எல்லாம் முதலில் பார்த்துவிட வேண்டும். விடிகாலையில் முழித்து 'இருந்து என்ன பிரயோஜனம்' என்கிற நினைப்பு வந்தால் அது தூக்கப் பிரச்சினை மட்டும் இல்லை, அன்றைக்கே டாக்டர்.

பையன் விஷயம் தனி ரகம். ராத்திரி பன்னிரண்டரை வரை முழிப்பு, காலை ஆறுக்கு எழுப்பினால் உலக யுத்தம், ஞாயிறு மதியம் பன்னிரண்டு வரை பிணம் மாதிரித் தூக்கம். சோம்பேறி, போன், திமிர் என்று நான் தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன். பாதிதான் சரி. வயசுக்கு வரும் பருவத்தில் உடம்பில் மெலடோனின் சுரக்கிற நேரமே ஒன்றிரண்டு மணி தள்ளிப் போகிறது. எட்டில் இருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டிய வயசு. ஏழு மணிக்கு ஸ்கூல் வேன். எங்கிருந்து வரும்? அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014-லேயே எட்டரைக்கு முன்னால் மேல்வகுப்புகள் ஆரம்பிக்கக் கூடாது என்றது, கலிஃபோர்னியாவில் 2022-ல் இருந்து சட்டமே ஆகிவிட்டது. மகாராஷ்டிராவில் 2024 பிப்ரவரியில் நாலாம் வகுப்பு வரை ஒன்பதுக்கு முன்னால் பள்ளி வேண்டாம் என்று உத்தரவு போட்டார்கள். தூக்கம் தேவைப்படுகிற பெரிய பசங்களை விட்டுவிட்டார்களே என்பது என் வருத்தம். பெங்களூரில் பள்ளி நேரத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் அது டிராஃபிக்குக்காக மட்டும்தான்.

அவனுக்குச் சொன்னது இரண்டே விஷயம். ஞாயிறும் ஏழரைக்குள் எழுந்து பால்கனி வெளிச்சத்தில் நிற்கணும், ராத்திரி போன் ஹாலில் சார்ஜாகணும். எங்கள் மூணு பேர் போனும்தான், இல்லை என்றால் அவன் கேட்கமாட்டான். கேட்கவும் கூடாது. போன் கை மீறிப் போன பிள்ளைகளுக்கு நிம்ஹான்ஸில் 2014-ல் இருந்து 'ஷட்' என்று தனி கிளினிக்கே நடத்துகிறார்கள்.

கைக்குழந்தைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கிளையில் ஒரு தங்கச்சி, இரண்டு வயசுக் குழந்தை, ராத்திரி நாலு முறை எழுந்து தூளி ஆட்டினால்தான் மறுபடி தூங்குமாம். ஆட்டித் தூங்கப் பழகினது, நடுவில் முழித்தாலும் அதே ஆட்டத்தைக் கேட்கும். மெல்ல மெல்ல மாற்றலாம், வழி சொல்லித்தர ஆள் உண்டு. தனி ரூமில் போட்டு அழவிடு என்கிற வெள்ளைக்காரப் புத்தகத்தைப் பார்த்து அப்படியே செய்ய வேண்டியதில்லை. நம்ம வீட்டில் தனி ரூம் ஏது?

"அந்தக் காலத்துல கட்டாந்தரையில படுத்தாலும் தூக்கம் வந்துச்சு, இதெல்லாம் பணக்கார வியாதி" என்று ஊரில் சித்தப்பா சொன்னார். அந்தக் காலத்திலும் திண்ணையில் விடிய விடிய உட்கார்ந்து இருமிய கிழவிகள் இருந்தார்கள் சித்தப்பா, நாம் தூங்கிக் கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. 2012-ல் ராம்லீலா மைதான வழக்கில் தூக்கமும் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது.

எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த கிளினிகல் சைக்காலஜிஸ்ட்டா என்று கேட்டுவிட்டுப் போங்கள். போர்டு மாட்டினவர்கள் எல்லாம் அது இல்லை. ஆஸ்பத்திரி வாசல் கூச்சமாக இருந்தால் நிம்ஹான்ஸ் நல்வாழ்வு மையம் பி.டி.எம். லேஅவுட்டில் தனியாக இருக்கிறது. என் வீட்டில் இருந்து நடந்து போகிற தூரம், இத்தனை வருஷம் தெரியாது! 14416-க்குப் போன் போட்டால் டெலி மானஸ், 2022 அக்டோபர் 10-ல் இருந்து நடக்கிறது, காசு கிடையாது, இருபத்து நாலு மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். மாநிலத்துக்கு மாநிலம் மையங்கள், தலைமை இடம் நம்ம நிம்ஹான்ஸ். பாஷை தெரியாத ஊரில் மனசைப் பேச நம்ம பாஷை வேண்டும், கன்னடத்தில் எனக்குக் காய்கறி பேரம்தான் வரும்.

அத்தை இப்போது எட்டரைக்குக் கீழ் வீட்டு சேலத்து அம்மாவோடு அபார்ட்மெண்ட் பெஞ்சில். ரெண்டு பேரும் பேசுகிற சத்தம் மூணாவது மாடி வரை கேட்கிறது, செக்ரட்டரி ஒரு முறை புகார் கூடச் சொன்னார். பத்து மணிக்கு மேலே வந்து பையனிடம், "என்னடா, நீ இன்னும் படுக்கலையா?" என்பார். "நீ மட்டும் ஊர் சுத்திட்டு வர்ற அப்பாயி" என்பான் அவன். நாலரைக்கு முழித்து அவரே டிக்காஷன் போட்டு விடுகிறார், முறிந்த கை இன்னும் ஃபில்டர் மூடியைத் திருக முடியாமல் தகராறு செய்கிறது.

மணி பத்து அம்பது. இன்னும் பத்து நிமிஷத்தில் எனக்கு அனுமதி.